உங்க சீட்டு கிழிஞ்சிடுச்சு, சார்

நவம்பர் 6, வியாழன்

மழை. மூன்றாவது நாளாகத் துவைத்த துணி காயவில்லை. துணி போகட்டும், சீட்டுக்கட்டும் காயவில்லை. ஈரக்காற்றில் கட்டு முழுவதும் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. விரித்தால் நாலு நாலாக வருகிறது. முகப் பவுடர் போட்டுத் துடைத்தேன். இப்போது கட்டெல்லாம் கைக்குழந்தை வாசனை.

இவர் ஏழே காலுக்கே கிளம்பிவிட்டார். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. குடையை மறந்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். திருவெறும்பூர் பஸ். இருபத்தெட்டு வருஷமாக அதே ஃபேப்ரிகேஷன் கம்பெனி, கடைசி பத்து வருஷம் சூப்பர்வைசர்.

பத்து மணிக்குப் பிரபு போன். ஈவென்ட் நடத்துகிற தம்பி. பிறந்தநாள், காதுகுத்து, அப்பார்ட்மென்ட் விழா எல்லாம் அவன் வழியாகத்தான் எனக்கு வருகிறது. 16ஆம் தேதி ஞாயிறு ஸ்ரீரங்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ட் ஆண்டு விழாவாம். எனக்கு இருபது நிமிடம்.

"அக்கா, சீட்டு வேணாம்க்கா. பபுள் ஷோ பண்ணிடுங்க. மெஷின் நான் தரேன்."

"சோப்பு நுரை விட நான் எதுக்குடா? ஒரு டேபிள் ஃபேன் போதாது?"

"கோச்சுக்காதீங்க. இப்ப யாருக்கா சீட்டு மேஜிக் பாக்குறா? பத்தாவது வரிசைக்கு நீங்க கையில வச்சிருக்கிறது சீட்டா விசிட்டிங் கார்டான்னே தெரியாது. அவனவன் போன்லயே இதெல்லாம் பெருசா பாத்துட்டான்."

"இந்த ஒரு தடவை சீட்டு. ஓடலன்னா உன் சோப்புத் தண்ணிக்கு வரேன். சத்தியமா."

சொல்லிவிட்டேன். இருபது நிமிடமும் சீட்டு. அதிலும் கூட்டம் பார்க்கவில்லை என்றால் சீட்டுக்கட்டைப் பீரோவில் போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதான். இருபத்தொரு வருஷம் ஆகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீட்டை வைத்துக் கூட்டல் சொல்லிக்கொடுக்கப் போய், "டீச்சர் சூதாட்டம் பழக்குறாங்க" என்று தலைமையாசிரியை கத்தி, வேலையை விட்டுவிட்டு வந்தேன். ரோஷத்தில் பிடித்த சீட்டு. இன்னும் கீழே வைக்கவில்லை.

வாங்க: வெங்காயம், பவுடர், கொசுவத்தி.

நவம்பர் 7, வெள்ளி

உறையூர் ஸ்கூல். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. கேவலம்.

பிள்ளைகள் சொன்னவை, மறக்காமல் இருக்க:
"மேம், இது ரீல்ஸ்ல வந்துச்சு."
"அந்தக் கைல இருக்கு. அந்தக் கை."
"எப்ப மேம் முடியும்? பி.டி. பீரியடு போகுது."

"ஆட்டின் ராணியை நினைச்சுக்கோம்மா" என்றேன் ஒரு பெண்ணிடம். திருதிருவென்று விழிக்கிறாள். ஆட்டின் தெரியவில்லை. "சிவப்பா, இப்படி இருக்குமே" என்று விரலால் வரைந்து காட்டினேன். "ஓ, லவ் சிம்பலா மேம்?" என்றாள். மொத்த ஹாலும் ஓவென்று கத்தியது. அதற்கப்புறம் யார் வித்தையைப் பார்க்கிறார்கள்? இஸ்பேட் தெரியாது, கிளாவர் தெரியாது. நாங்கள் வீட்டில் கல்யாணம் கருமாதி என்றால் உட்கார்ந்து ஆடினோம், எழுத்தோடு சேர்ந்து சீட்டும் தெரிந்தது. இதுகளுக்கு ராணி வந்தால் என்ன, ஏழு வந்தால் என்ன? எல்லாம் ஒரே அட்டை. எடுத்த சீட்டே மறந்துவிடுகிறது. மறந்துபோன சீட்டை நான் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஆச்சரியம் எங்கிருந்து வரும்?

சிரிப்பு வந்தது ஒரே இடத்தில், அதுவும் டீச்சர்களிடம். கிழித்து ஒட்டவைக்கிற ஐட்டம். ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லி, மூலையைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மீதியைத் துண்டு துண்டாகக் கிழிப்பேன். கிழித்ததும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, "சார், உங்க சீட்டு கிழிஞ்சிடுச்சு!" என்பேன். இன்றைக்கு பி.டி. மாஸ்டரைக் கூப்பிட்டேன். டீச்சர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பேங்க் மேனேஜர், கவுன்சிலர், இன்ஸ்பெக்டர், யாரை நிறுத்தினாலும் இந்த வரி பொய்த்ததில்லை. சீட்டு கிழிந்தால் வேலை போச்சு என்று தெரியாதவர் இந்த ஊரில் உண்டா? அப்புறம் சீட்டு முழுசாக வரும், மூலை மட்டும் இருக்காது, அவர் கையில் உள்ள மூலை அதில் கச்சிதமாகப் பொருந்தும். அந்தப் பொருந்துகிற இடத்துக்கு வர வர, சிரிப்பு அடங்கிப் போன் எடுத்துவிடுகிறார்கள்.

கிளம்பும்போது ஒரு டீச்சர்: "அடுத்த தடவை சீட்டு வேணாமே மேடம். ரம்மி பழகிடும்னு பேரன்ட்ஸ் சண்டைக்கு வராங்க."

கால் வலி. ரசம் மட்டும் வைத்தேன்.

நவம்பர் 8, சனி

இவரிடம் சொல்லி அழலாம் என்று பார்த்தேன். வந்ததும் டிவி முன்னால். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வெறுமனே பார்க்கிறார்.

"என்னங்க, ஒரு சீட்டு எடுங்க."

எடுத்தார்.

"பாத்து ஞாபகம் வச்சுக்குங்க."

"ம்."

கலைத்து, வெட்டி, கண்டுபிடித்துக் காட்டினேன். புது முறை, ஒரு மாதம் பழகியது. "இதுதானே?"

"இருக்கும்."

இருக்குமா! எடுத்த சீட்டைத் திருப்பியே பார்க்கவில்லை மனுஷன். முன்பெல்லாம் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று சோறு ஆறிப்போகும் வரை விடமாட்டார். எதுவானாலும் முதலில் இவருக்குத்தான் செய்து காட்டுவேன். இவர் முகத்தில் எங்கே சந்தேகம் தட்டுகிறதோ அந்த இடத்தைத் திருத்துவேன். இப்போது அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஊர் பார்க்காவிட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இவர் பார்க்காவிட்டால் வித்தையே வேண்டாம் போலிருக்கிறது. கட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. இவர் சட்டைகளைத் துவைத்தேன். காலரில் துரு இல்லை, வெல்டிங் பொத்தல் இல்லை. இரண்டு முறை அலசினால் போதுமாக இருக்கிறது. கம்பெனியில் மழைக்கு வேலை மந்தம் போல. எனக்கு மிச்சம்.

இடம் பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ். பக்கத்தில் ஒரு பூக்காரம்மா, மடியில் காலிக் கூடை. சும்மா பேச்சுக் கொடுத்தேன். "எத்தனை வருஷமாங்க பூக்கட்டுறீங்க?" அவ்வளவுதான் கேட்டேன். காவேரிப் பாலம் முழுக்கப் பேசினார். மருமகள், முட்டிவலி, தாமரை விற்கிற விலை. பேசி முடித்ததும் கட்டை எடுத்து, "ஒண்ணு எடுங்கக்கா" என்றேன். எடுத்தார். ஆட்டின் கீட்டின் எதுவும் தெரியாது அவருக்கு, "பூப்போட்ட சீட்டு" என்று அடையாளம் வைத்துக்கொண்டார். கிளாவரைத்தான். நான் எடுத்துக் காட்டியதும் "அடி ஆத்தி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது தலையில் வைத்திருந்த பூவில் பாதியைப் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ரொம்ப நாள் கழித்து ஒருத்தர் பார்த்தார். யோசித்துப் பார்த்தேன், வித்தை ஒன்றும் புதிது இல்லை. முதலில் அவரைப் பற்றிக் கேட்டேன், அதுதான் வித்தியாசம். நான் எப்போதும் ஏறினவுடன் என் கையைப் பார் என்கிறேன். அவர்கள் எதற்கு என் கையைப் பார்க்க வேண்டும்?

16க்கு முடிவு:
1. மேடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி. பெயர், ஊர், என்ன வேலை. அப்புறம்தான் சீட்டு.
2. ஆட்டின், இஸ்பேட் கிடையாது. சிவப்பு, கறுப்பு, பூ.
3. ஐந்து ஐட்டம் போதும். எட்டு வேண்டாம்.
4. கடைசியில் கிழிக்கிற சீட்டு. அந்த வரி இருக்கிற வரை பயமில்லை.

அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி ராகவன் சார் நல்ல மனிதர், ரிட்டயர்ட். "சீட்டுன்னு போர்டுல போட வேண்டாம், கேட்டேளா? மேஜிக்னு மட்டும் போட்டுடறேன். பெரியவாள்லாம் இருக்கா." கார் நிறுத்துகிற இடத்தில்தான் விழா. தூண் மறைக்கிறது. மேஜையை இரண்டடி முன்னால் தள்ள வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

ஓசூரிலிருந்து ஷைனி போன். ஆஸ்பத்திரியில் டூட்டி மாறி இருக்கிறதாம், மகளுக்குக் குரலே கம்மிப் போயிருக்கிறது. "அப்பாவுக்கு என்னம்மா? போன் பண்ணா சாப்டியா, தூங்குன்னு வச்சிடுறாரு."

"வயசாகுதுடி. அம்பத்தாறு. எங்கிட்டயே அவ்வளவுதான் பேசுறாரு."

டிபன் பாக்ஸில் பாதி சோறு திரும்பி வந்திருந்தது. நேற்றும் அப்படித்தான். உப்பு கூடிவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா என்று கேட்டேன். டிவியைப் போட்டார். "இது ஒண்ணுக்கு மட்டும் வாங்க. பிடிக்கலன்னா நானே விட்டுடுறேன்" என்று கெஞ்சினேன். வெட்கமாக இருந்தது. வருகிறேன் என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஆரம்பம். அறுபது, அறுபத்தைந்து பேர். ஒரு குழந்தைப் பட்டாளம், நிறையப் பெரியவர்கள். பிரபு மைக் செட்டில். இவர் கடைசி வரிசையில், நீலச் சட்டை.

கேள்வி வேலை செய்தது! முதலில் கூப்பிட்டது ஒரு ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டரை. எந்த ஊரில் எல்லாம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். மணப்பாறையில் தந்தி கொண்டுபோன கதை சொன்னார், கூட்டமே சிரித்தது. அப்புறம் அவர் சீட்டை எங்கே ஒளித்தாலும் எடுத்தேன். போன்கள் கீழே இறங்கின. நானே பார்த்தேன், ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. ஒரு பாட்டு டீச்சரிடம் கேட்டேன், ஒரு பேங்க்காரப் பையனிடம் கேட்டேன். இருபத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் எனக்கு அமைந்ததில்லை. பிரபு அங்கிருந்தே கட்டைவிரலைக் காட்டினான்.

கடைசி ஐட்டம். முன்வரிசை மாமியைக் கூப்பிட்டேன். "நான் சீட்டெல்லாம் தொடமாட்டேன்மா. இப்ப பெருமாளைச் சேவிக்கப் போகணும்." பக்கத்தில் இருந்தவரும் தலையை ஆட்டினார். ராகவன் சார் சுண்டல் பக்கம் போய்விட்டார். கூட்டம் ஆறுவதற்குள் யாராவது வேண்டும். கடைசி வரிசையைப் பார்த்தேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான். எத்தனை மாதம் கழித்து! அந்தச் சந்தோஷத்தில்தான் கூப்பிட்டேன்.

"பின்னாடி நீலச் சட்டை சார், கொஞ்சம் வாங்க."

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். யாரோ போல நின்றார், நானும் யாரோ போல.

"சார் பேரு?"

"அமல்ராஜ்."

"எந்த ஏரியா?"

"பாலக்கரை."

"சார் எங்க வேலை பாக்குறீங்க?"

மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தேன். என்னையே பார்த்தார். கூச்சம் என்று நினைத்தேன். "சொல்லுங்க சார். மிலிட்டரி ரகசியமா?" கூட்டம் சிரித்தது. "திருவெறும்பூர்ல... ஒரு கம்பெனி" என்றார். மேலே ஏதோ சொன்னார், மைக் கீச்சென்றது.

பூ ஒன்பது எடுத்தார். மூலையைக் கிழித்துக் கையில் கொடுத்தேன். மீதியைக் கிழித்தேன். நான்காக, எட்டாக. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "சார், உங்க சீட்டு கிழிஞ்சிடுச்சு!"

இடி மாதிரி சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "அப்ப வீட்டுக்குக் கிளம்புங்க சார்!"

அவர் முகம். அதை எழுத மாட்டேன்.

மூலைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது. இதுவும் சேர்ந்துதான் ஐட்டம் என்று நினைத்துவிட்டார்கள். என் கையில் முழுசாக வந்துவிட்ட, மூலை மட்டும் இல்லாத பூ ஒன்பது. பொருத்திக் காட்ட மூலை இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ராகவன் சார் ஓடிவந்தார். "பிரமாதம் போங்கோ! அந்த மனுஷனை எங்கே பிடிச்சேள்? என்னமா நடிக்கறார்!"

பஸ்ஸில் தனியாக வந்தேன். வீட்டில் லைட் எரிந்தது. முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு போடு என்றார். போட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

ஏழு மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை. இட்லி ஊற்றிவிட்டுப் போய் நின்றேன்.

"டிபன் கட்டவா?"

"வேணாம்."

"லீவா?"

சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார். "வேலை இல்ல ஜெசி. வேளாங்கண்ணிக்குக் கொடி ஏறுச்சுல்ல, அந்த வாரத்துலேர்ந்து இல்ல. ஆர்டர் வரலன்னு எங்க செட்டு மொத்தத்தையும் அனுப்பிட்டாங்க. கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தைத்தான் மாசாமாசம் சம்பளம்னு உங்கிட்ட குடுத்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டரை மாதம்! தினமும் ஆறு மணிக்கு எழுந்து சாதம் கிளறிக் கட்டிக் கொடுத்தேனே, எந்தக் கழுதைக்கு? கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

எழுந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை அவர் குரலில், அதுதான் தாங்க முடியவில்லை.

"நீ கேக்கவே இல்லையே. இத்தனை நாள்ல வீட்டுல ஒரு நாள் கேட்டியா, வேலை எப்படிப் போகுதுன்னு? மைக்கப் புடிச்சுக்கிட்டு அறுபது பேருக்கு முன்னாடி கேட்ட."

இட்லிப் பானை தண்ணீர் வற்றிக் கருகிவிட்டது.

நவம்பர் 19, புதன்

இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார். நான் கேட்கிறேன். கேட்கக் கற்றுக்கொண்டேன் பூக்காரம்மாவிடம், செய்ய வேண்டியது வீட்டில் என்று அப்போது தோன்றவில்லை.

இவர் போன இடங்கள்:
முதல் வாரம் திருவெறும்பூருக்கே. கம்பெனி இருக்கிற தெரு முனை டீக்கடை. பழக்கதோஷம் என்கிறார்.
சத்திரம் பஸ் ஸ்டாண்டு. போலீஸ்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்டாராம்.
ஜங்ஷன், பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து.
அம்மா மண்டபம் படித்துறை. அங்கேதான் சாப்பாடு. சாப்பிட முடியாததை மீனுக்குப் போடுவாராம்.
லைப்ரரி. அங்கே தூங்கினால் எழுப்பிவிடுகிறார்களாம்.
உறையூர் ஸ்கூல்.

கடைசியைச் சொன்னதும் விளங்கவில்லை எனக்கு. "உறையூர்லயா? எதுக்கு?"

"உன் ஷோ இருந்துச்சுல்ல. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு ஜன்னல் பக்கம் நின்னேன். அதுக்கு முன்னாடி கே.கே. நகர் பொறந்தநாளுக்கும் வந்தேன், வெளியில பந்தல்லயே உக்காந்துட்டேன். தில்லைநகருக்கும் வந்தேன்."

"எதுக்குங்க?"

"அந்த நேரம் மட்டும் ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது" என்றார்.

"அப்ப வீட்டுல ஏன் பாக்கல? எடுத்த சீட்டைக்கூடத் திருப்பிப் பாக்கலையே."

"வீட்டுல நீ என் மூஞ்சியைப் பாப்பியே ஜெசி."

மனசு விட்டுப்போயிற்று. இருபத்தொரு வருஷமாக இந்த முகத்தை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சீட்டு போகிற வழி அவருக்குத் தெரிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் அதில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. ஊரெல்லாம் என்னைப் பார்க்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன், மழையில் ஒருத்தர் ஜன்னலில் நின்றது தெரியவில்லை. சட்டைக் காலர் சொன்னது. டிபன் பாக்ஸ் சொன்னது. மகள் சொன்னாள். மேஜிக்காரியாம் மேஜிக்காரி.

அழுதேன். அவர் அழவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 22, சனி

இவருக்கு வேலை கிடைத்துவிட்டது. செக்யூரிட்டி. ஒரு ஜவுளிக்கடை வாசல், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. நாளையிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, அன்றைக்குத்தான் கூட்டமாம். யூனிஃபார்ம் ஒரு சைஸ் பெரிசு. இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். தொப்பி சரியாக இருக்கிறது. நாற்பது பேரை வேலை வாங்கியவர் கண்ணாடி முன்னால் நின்று சல்யூட் அடித்துப் பார்த்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"ஷைனிக்குத் தெரிய வேணாம்" என்றார். "கோயில்ல யாருக்கும் தெரிய வேணாம். கொஞ்ச நாளைக்கு."

சரி என்றேன்.

மத்தியானம் பிரபு போன். துள்ளுகிறான். "அக்கா! யாரோ அதை வீடியோ எடுத்துக் குரூப்ல போட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு அப்பார்ட்மென்ட்ல கேக்குறாங்க. பபுள் வேணாமாம், அதே சீட்டு ஷோதான் வேணுமாம். அமல் அண்ணனையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. செம ஆக்டிங்க்கா! அந்தக் கடைசி நடை!"

மக்கள் இன்னும் சீட்டு மேஜிக்கை ரசிக்கிறார்களா என்று தவித்தேன் அல்லவா? ரசிக்கிறார்கள். நன்றாக ரசிக்கிறார்கள்.

"அந்த ஐட்டம் இனிமே கிடையாது" என்றேன்.

"ஏன்க்கா?"

"சீட்டு தீந்துபோச்சுடா."

புரியாமல் சிரித்துவிட்டு வைத்தான். நாளைக்கு மாதா கோயில் ஹாலில் பதினைந்து நிமிடம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதைத் தட்ட முடியாது.

நவம்பர் 23, ஞாயிறு

கிறிஸ்து அரசர் விழா. வெயில். கட்டு உலர்ந்து நன்றாக ஓடுகிறது.

இவர் ஏழு மணிக்கே போய்விட்டார். சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு, யூனிஃபார்மைப் பையில் மடித்து வைத்து. அங்கே போய் மாற்றிக்கொள்வாராம். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது.

நாலு மணிக்கு ஹால். நாலே ஐட்டம். கேள்வி கேட்கவே நாக்கு எழவில்லை, பெயர் மட்டும் கேட்டேன். என்ன வேலை என்று யாரிடமும் கேட்கவில்லை. கிழிக்கவில்லை. சுமாராகக் கைதட்டினார்கள். ஒரு தடவை என்னையறியாமல் கடைசி ஜன்னலைப் பார்த்தேன்.

முடிந்து டீயும் பன்னும். மாதா சபைத் தலைவி லூர்து அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். ஊர் விவகாரம் அத்தனையும் அவர் காதுக்கு வந்துதான் போகும்.

"அமல் எங்க ஜெசிந்தா? பூசைக்கும் காணோம், உன் மேஜிக்குக்கும் காணோம். உடம்பு எதுவும் சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லா இருக்காருங்கம்மா. கம்பெனியில இன்னிக்கும் வேலை. பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. இவரு நிக்கலன்னா அங்க ஒண்ணும் நகராது."

கையில் கட்டு இருந்தது. கலைத்துக்கொண்டே சொன்னேன். குரல் பிசகவில்லை. அவர் கண்ணை நேராகப் பார்த்தேன், சிரித்தேன்கூட.

லூர்து அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "குடுத்து வச்ச மனுஷன்! இந்த வயசுல எத்தனை பேரைக் கம்பெனி விடாமப் புடிச்சு வச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடமும் அதை அப்படியே சொன்னார்.

அந்த அம்மாவும் நம்பினார்.